மணிமேகலையில் ஒரு கொலை வழக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘இளைஞரும் இலக்கியமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பரந்த பொருள் அது. கடல் முழுவதையும் அளக்க முற்படாமல், ஒரு துறையில் மட்டும் இறங்கி நீராடிக் கரையேற விரும்புகின்றேன்.

நம் காலனிப் பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயது வந்தவுடன் தடித்த ஆங்கில நெடுங்கதைகளைத் தேடிப் படிக்கின்றனர். அவற்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால், கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே. ஓர் இளம்பெண், அவள் அறியாமலே அவளுக்கு வந்து வாய்க்கும் பேராற்றல், அவளையே எண்ணி உருகும் அரசிளங்குமரன், நிலவு நிறையும் நாளில் விழித்தெழும் மாயம், நள்ளிரவில் ஒரு கொலை. இந்த ஐந்தும் கலந்த கதை என்றால் பிள்ளைகள் உணவையும் மறந்துவிடுகின்றனர். பெற்றோர் சிலர் இதனைக் குறையாகக் கூறுகின்றனர். நான் குறைகூற வரவில்லை. இந்த ஐந்தும் குறைவின்றி அமைந்த காப்பியம் ஒன்று தமிழில் நெடுங்காலமாக இருக்கிறது. அதனை நாம் நம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை என்று நினைவூட்டவே வந்துள்ளேன். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையே அக்காப்பியம்.

மணிமேகலை என்றவுடன் பலர் சற்றே அஞ்சுவர். சமயக் கருத்துகள் நிறைந்த நூல், தருக்கம் பேசும் நூல் என்று ஒதுக்கி வைப்பர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களே இந்நூலைப் பதிப்பிக்க முற்பட்டபோது, இதிலுள்ள பௌத்தக் கொள்கைகள் விளங்காமல் இடர்ப்பட்டார். கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் கூறி உதவ, 1898-ஆம் ஆண்டில் ஐயர் இந்நூலை அச்சேற்றினார். இத்தனை முயற்சியால் மீண்ட செல்வத்தை அலமாரியில் பூட்டி வைப்பது முறையாகுமா?

கதையின் தொடக்கம்

காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா நடைபெறுகின்றது. இருபத்தெட்டு நாள் நிகழும் பெருவிழா அது. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு மாதவி ஆடலையும் பாடலையும் துறந்துவிட்டாள். அவள் மகள் மணிமேகலையோ, தந்தையும் கண்ணகியும் பட்ட துயரை நினைந்து அழுகின்றாள். அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையின்மேல் கண்ணீர் விழுகின்றது. கண்ணீர் பட்ட மாலை வழிபாட்டிற்கு ஆகாது. ஆகவே வேறு மலர் கொய்து வருமாறு, தோழி சுதமதியுடன் உவவனம் என்னும் சோலைக்கு அவள் அனுப்பப்படுகின்றாள். இந்தப் பெருங்கதை முழுவதும் அந்தக் கண்ணீரிலிருந்தே புறப்படுகின்றது.

அப்பொழுது சோழ மன்னன் மகன் உதயகுமரன், மதங்கொண்டு ஊரைக் கலக்கிய யானையை அடக்கிவிட்டு வருகின்றான். மணிமேகலை உவவனம் சென்ற செய்தியைக் கேட்டுத் தேரைத் திருப்புகின்றான். தேரொலி கேட்ட அவள் அங்கிருந்த பளிங்கு மண்டபத்துள் புகுந்து கதவை அடைத்துக்கொள்கின்றாள். உள்ளே இருக்கும் உருவம் வெளியே தெரிகின்றது; வாயிலோ தெரியவில்லை. பளிங்கைத் தடவித் தடவித் திகைக்கின்றான் அரசிளங்குமரன். கண்ணுக்குத் தெரிகின்ற பெண் கைக்கு எட்டவில்லை. பின்னர் நிகழவிருக்கும் துன்பம் முழுவதற்கும் இக்காட்சி ஒன்றே முன்னறிவிப்பாக நிற்கின்றது.

அவன் வெகுண்டு சென்றபின், மணிமேகலை தோழியிடம் ஓர் உண்மையைச் சொல்கின்றாள். தன்னை இழித்துப் பேசிய அவன் பின்னேயே தன் நெஞ்சம் செல்கின்றது என்கின்றாள். துறவை நாடும் பெண், தன் நெஞ்சில் காதல் இருப்பதை மறைக்காமல் உரைக்கின்றாள். இளைஞர்களே! சாத்தனார் கல்லில் வடித்த துறவியைப் படைக்கவில்லை. உங்களைப் போலவே நெஞ்சு தடுமாறும் இளம்பெண்ணையே படைத்தார்.

மாலை மறைந்து நிலவு எழுகின்றது. வெள்ளிக் குடத்திலிருந்து பால் சொரிவதுபோலச் சோலையின் இடையிடையே நிலவொளி விழுகின்றது என்கின்றார் புலவர். அந்த நிலவின் நடுவே தெரியும் மறுவை, சான்றோரிடத்துத் தோன்றும் குற்றத்திற்கு ஒப்பிடுகின்றார். தூய வானத்தில் தான் மறு நன்றாகத் தெரியும் என்னும் இக்கருத்தை மறவாதிருங்கள்.

மூன்று மந்திரங்களும் ஒரு கலமும்

அன்றிரவு மணிமேகலா தெய்வம் அப்பெண்ணை வான்வழியே எடுத்துச் சென்று மணிபல்லவம் என்னும் தீவில் விடுகின்றது. ஆங்குள்ள புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்கு முற்பிறப்பு விளங்குகின்றது. அப்பிறப்பில் அவள் இலக்குமி. அவள் கணவன் இராகுலன். அந்த இராகுலனே இப்போது உதயகுமரனாகப் பிறந்திருக்கின்றான். நெஞ்சம் அவன் பின்னே சென்றதன் காரணம் இப்பொழுது தெரிகின்றது.

தெய்வம் அவளுக்கு இரண்டு மந்திரங்களை அறிவுறுத்துகின்றது. ஒன்று வேற்றுருக் கொள்வதற்கு. மற்றொன்று வானில் இயங்குவதற்கு. விண்ணில் எழுந்து செல்லத் தொடங்கிய தெய்வம், மறந்தது ஒன்று உண்டு என்று மீண்டும் கீழிறங்குகின்றது. மக்கள் உடம்பு உணவால் ஆகியது என்று கூறி, பசியை நீக்கும் மூன்றாவது மந்திரத்தையும் கற்பிக்கின்றது. தெய்வமே மறந்துவிட்டுத் திரும்பி வந்து தந்த மந்திரம் அது. பின்னர் அவளை உயிரோடு காக்கப் போவதும் அதுவே.

அத்தீவில் கோமுகி என்னும் பொய்கை இருக்கின்றது. வைகாசித் திங்களில், விசாக நாளில், முழுமதி விளங்கும் பொழுதில், ஆண்டுக்கு ஒருமுறை அப்பொய்கையிலிருந்து அமுதசுரபி என்னும் கலம் மேலெழும். புத்தர் பிறந்த நாளும் அதுவே. தீவைக் காக்கும் தீவதிலகை இதனை உணர்த்த, மணிமேகலை பொய்கையை வலம் வந்து நிற்கின்றாள். கலம் அவள் கையை அடைகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத உணவு அக்கலத்தின் ஆற்றல். பெறுவோர் கை வருந்துமேயன்றிக் கலம் வறிதாவதில்லை.

நிலவு மாயம் நிறைந்த கதைகளில் முழுமதி நாளில் என்னென்னவோ வெளிப்படுவதைப் படித்திருப்பீர்கள். வாள் வெளிப்படும், மணிமுடி வெளிப்படும், பகைவனை எரிக்கும் ஆற்றல் வெளிப்படும். சாத்தனாரின் முழுமதியோ பிச்சைப் பாத்திரம் ஒன்றைத் தருகின்றது! உலகை ஆளும் ஆற்றலைப் பெண்ணின் கையில் கொடுக்க எண்ணிய புலவர், சோறு இடும் கலத்தைக் கொடுத்தார்.

கொலை

வான்வழியே ஊர் திரும்பிய மணிமேகலை, ஆதிரை என்னும் கற்புடைய நங்கையின் கையால் முதற்பிச்சை ஏற்கின்றாள். காயசண்டிகை என்பாள் ஒருத்தி. விஞ்சையர் குலப் பெண். முனிவர் ஒருவர்க்கு உரிய நாவற்கனியை மிதித்துக் கெடுத்த குற்றத்திற்காகப் பன்னீராண்டு தீராப் பசி கொள்ளுமாறு சாபம் பெற்றவள். அவள் பசி அமுதசுரபியின் உணவால் தீர்கின்றது. மகிழ்ந்து தன் ஊர்க்குப் பறந்து செல்கின்றாள். அதற்குமேல் புகார் நகரம் அவளைக் காணவில்லை.

உதயகுமரன் ஓய்ந்தானில்லை. மணிமேகலையின் பாட்டி சித்திராபதி தூண்டிவிட, உலக அறவி என்னும் பொது அம்பலத்திற்கு வருகின்றான். அவனிடமிருந்து தப்புவதற்காக மணிமேகலை மந்திரத்தால் காயசண்டிகையின் உருவம் கொள்கின்றாள். அவ்வுருவத்தோடே சிறைச்சாலைக்கும் சென்று கைதிகளுக்கு உணவளிக்கின்றாள். செய்தி அரசனுக்கு எட்டுகின்றது. அவளுடைய வேண்டுகோளால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகின்றது.

அந்த நேரத்தில், பன்னீராண்டு முடிந்தும் மனைவி வரவில்லையே என்று ஏங்கி, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் புகாருக்கு வருகின்றான். தன் மனைவியின் உருவத்தைக் காண்கின்றான். அவளோ அவனை அறியாதவள்போல் விலகிச் செல்கின்றாள். அரசகுமாரனிடம் சென்று பேசுகின்றாள். நரைத்த மூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக் காட்டி, உடலழகின் நிலையாமையை அவள் உதயகுமரனுக்கு எடுத்துரைப்பது காஞ்சனனுக்குத் தெரியாது. அவன் கண்டது, தன் மனைவி அயலானோடு பேசும் காட்சி ஒன்றையே. உதயகுமரனும் ஐயுறுகின்றான்: இவள் மணிமேகலையே, உருமாறி நிற்கின்றாள், அயலான் ஒருவன் இவளைச் சூழ்ந்து திரிகின்றான், நள்ளிரவில் வந்து உண்மையை அறிவேன் என்று துணிகின்றான். இருவர் நெஞ்சிலும் ஒரே ஐயம். இருவரும் நோக்கியது ஒரே உருவத்தை. அந்த உருவமோ இருவர்க்கும் உரியதன்று.

நள்ளிரவில் தனியே அம்பலத்துள் நுழைகின்றான் அரசன் மகன். மறைந்திருந்த காஞ்சனன் வாளை வீசுகின்றான். காப்பியத்தின் இருபதாம் காதையில் உதயகுமரன் வீழ்கின்றான்.

கொன்றவர் யார்?

துப்பறியும் கதைகளில் கொன்றவன் யார் என்பது இறுதிப் பக்கத்தில் வெளிப்படும். இக்கதையில் வாள் வீசியவன் யார் என்பது உடனே தெரிந்துவிடுகின்றது. ஆயினும் வழக்கு அதன் பின்னரே தொடங்குகின்றது.

துப்பறிவோனாக வருவது தூணில் அமைந்த கந்திற்பாவை என்னும் தெய்வம். மனைவி என்று எண்ணி மணிமேகலையைப் பற்றச் சென்ற காஞ்சனனைத் தடுத்து, இவள் உன் மனைவி அல்லள் என்கின்றது. உன் மனைவி வான்வழியே செல்கையில், எவரும் மேலே பறந்து கடத்தலாகாத விந்த மலையைக் கடந்தாள். அம்மலையைக் காக்கும் விந்தா கடிகையால் நிழலைப் பற்றி இழுக்கப்பட்டு அவள் வயிற்றுள் அடங்கினாள் என்று உரைக்கின்றது. இவ்வாறு காணாமற்போன பெண்ணின் மருமம் வெளியாகின்றது. அத்துடன் நின்றுவிடவில்லை. உதயகுமரனின் பழவினை அவனை உண்டது எனினும், நீ செய்த தீவினை உன்னை விடாது என்றும் காஞ்சனனிடம் கூறுகின்றது. அறியாமல் செய்தேன் என்பது வாளைக் கழுவும் நீர் ஆகாது.

உதயகுமரனின் பழவினை யாது? முற்பிறப்பில் இராகுலனாக இருந்தபோது, முனிவர்க்கு உணவு சமைத்த மடைத்தொழிலாளன் கால் இடறி விழுந்து உணவைச் சிதைத்தான் என்று சினந்து, அவனை வாளால் வெட்டினான். ஓர் ஏழைச் சமையற்காரனின் உயிர், பிறவி கடந்தும் கணக்குக் கேட்கின்றது. அரச குலத்தில் பிறந்தமை அக்கணக்கைத் தள்ளுபடி செய்யவில்லை.

வழக்கு இன்னும் விரிகின்றது. தூண்டிவிட்ட சித்திராபதிக்குப் பங்கு இல்லையா? மறுத்த பெண்ணை மீண்டும் மீண்டும் தொடர்ந்த உதயகுமரனுக்குப் பங்கு இல்லையா? அவன் தந்தையான அரசனே, செய்தி கேட்டபோது மகனுக்காக வழக்காடவில்லை. நான் செய்ய வேண்டியதை விஞ்சையன் செய்தான் என்று கூறுகின்றான். ஆனால் அதே அரசன், கொலை செய்யாத மணிமேகலையைக் காவலில் வைக்குமாறும் பணிக்கின்றான். கணிகை மகள் என்பதனால் அவள்மேல் அந்த எளிய தண்டனை விழுகின்றது. நீதியின் முழுமதியிலும் ஒரு மறு! சாத்தனார் அதனை மறைக்காமல் காட்டுகின்றார்.

இருவகை மாயம்

இக்கொலையை எண்ணிப் பார்க்கும்தோறும் என் நெஞ்சில் எழும் கருத்து ஒன்று உண்டு. இக்காப்பியத்தில் மாயம் இருவகையாக இயங்குகின்றது. ஒன்று மறைக்கும் மாயம். மற்றொன்று ஊட்டும் மாயம்.

வேற்றுருக் கொள்ளும் மந்திரம் மறைக்கும் மாயம். மணிமேகலை அதனைத் தீய எண்ணத்தோடு பயன்படுத்தவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. பின்னர், பழிவாங்கத் துடித்த அரசமாதேவி இளைஞன் ஒருவனை ஏவியபோதும், ஆணுருக் கொண்டே அவள் தப்பினாள். ஆகவே அந்த மந்திரத்தை இழித்துக் கூறுதல் தகாது. ஆயினும், அது ஒருவர் மனத்தையும் மாற்றவில்லை. உதயகுமரன் திருந்தவில்லை, காஞ்சனனின் ஐயம் தீரவில்லை, ஒருவன் உயிர் இழந்தான், மற்றொருவன் கொலைகாரன் ஆனான். அச்சத்தால் ஒரு பெண் தன்னை மறைத்துக்கொள்ள நேரும் ஊரில், அவள் மறைவு எத்தனை வலியதாயினும், ஊருக்கு நன்மை விளையாது. அவள் மறையவேண்டிய தேவையை ஆக்கியவர்களே அதற்குப் பொறுப்பு.

ஊட்டும் மாயமோ சிறையை அறக்கோட்டமாக மாற்றியது. மருந்தூட்டிச் சித்தம் கலங்கச் செய்ய முயன்றும் இயலாமல், அரசமாதேவி அவளை அறையில் அடைத்துப் பட்டினி போட்டபோது, பசி நீக்கும் மந்திரமே அவளைக் காத்தது. வாடாமல் நின்ற அவளைக் கண்டு அரசி நடுங்கினாள். அவளிடம் மணிமேகலை சினக்கவில்லை. நீ அழுதது உடலுக்கா, உயிருக்கா என்று வினவினாள். உடலுக்கு எனில், அதனைச் சுடலையில் இடச் செய்தவர் யார்? உயிருக்கு எனில், அது புகுந்த இடம் உனக்குத் தெரியாதே. அந்த உயிரிடம் அன்புடையாய் ஆயின் எல்லா உயிரிடத்தும் இரக்கம் கொள்க என்றாள். அரசி மனம் மாறி வணங்கினாள். வணங்குதல் தகாது என்று தடுத்த மணிமேகலை, அதற்குக் காரணமும் கூறினாள்: நீ என் காதலனைப் பெற்ற தாய், மேலும் மன்னனின் மாதேவி. சோலையில் தோழியிடம் மட்டும் சொன்ன காதலை, அவன் இறந்தபின் அவன் தாயிடம் சொல்கின்றாள். இதனினும் உருக்கமான காதற்காட்சி எந்த நாட்டு நெடுங்கதையில் உண்டு?

நாம் செய்யத்தக்கது

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சில செய்திகளைப் பேச நாம் கூசுகின்றோம். காதலைப் பற்றிப் பேசக் கூசுகின்றோம். விருப்பமில்லை என்று ஒரு பெண் கூறினால் விலகி நிற்பதே ஆண்மை என்று மகனிடம் சொல்லக் கூசுகின்றோம். அஞ்சி ஒளியாதே, எங்களிடம் வந்து சொல் என்று மகளிடம் சொல்லவும் தயங்குகின்றோம். மறுத்த பெண்ணைப் பின்தொடர்ந்து, ஐயத்தாலும் சினத்தாலும் உயிர் பறிக்கும் செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன; அவற்றைப் படித்துவிட்டு வாய்மூடி மடித்து வைக்கின்றோம். நாம் கூசுவதைச் சாத்தனார் கூசாமல் பேசியிருக்கின்றார். அவரை நம் வீட்டிற்குள் அழைத்தால் போதும்; உரையாடல் தானே தொடங்கும்.

பிறமொழி மக்களிடையே வாழ்கின்ற நமக்கு இந்நூலில் தனி உரிமையும் உண்டு. மணிமேகலையின் உயிர்த்தோழி சுதமதி தமிழகத்தில் பிறந்தவள் அல்லள். அங்க நாட்டுச் சண்பை நகரத்திலிருந்து வந்தவள். சோழன் பூங்காவின் மண்டபத்தை மகதரும் மராட்டரும் அவந்தி நாட்டாரும் யவனரும் தமிழ்த் தொழிலாளரோடு கூடிச் சமைத்தனர் என்கின்றது காப்பியம். மணிமேகலையும் சாவகம், வஞ்சி, காஞ்சி என்று ஊர் ஊராகச் சென்றாள். சென்ற இடமெல்லாம் அவள் கையில் கலம் இருந்தது. வறட்சியுற்ற காஞ்சியில் அக்கலமே மக்களுக்கு உயிர் கொடுத்தது.

ஆகவே இந்த அவையின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். மணிமேகலையில் முப்பது காதைகள் உள்ளன. முழுமதி நாள்தோறும் நம் காலனித் திடலில் நிலவொளியில் அமர்ந்து, ஒரு காதை வீதம் படிப்போம். மூலம் கடினமாயின், உரையைப் படித்துக் கதையைச் சொல்வோம். தமிழ் எழுத்துப் பயிலாத பிள்ளைகளும் காதால் கேட்டு இன்புறுவர். முப்பது முழுமதிகள் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. இன்று பன்னிரண்டு வயதாகும் சிறுமி, படித்து முடிக்கையில் பதினைந்தை நெருங்கியிருப்பாள். அந்த வயதிற்கு இக்கதை துணை நிற்கும்.

ஒரு முறைமையை மட்டும் கடைப்பிடிப்போம். படிப்பதற்கு முன் எல்லாரும் சேர்ந்து உண்போம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் உணவு வரட்டும். வாயிலில் நிற்கும் காவலரையும், நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களையும், அவர்கள் பிள்ளைகளையும் அழைப்போம். அவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பசிக்கு மொழி இல்லை. கோமுகிப் பொய்கையிலிருந்து கலம் எழும் பதினோராம் காதையைப் படிக்கும் இரவில், நம் பிள்ளைகளே அனைவர்க்கும் பரிமாறட்டும். அமுதசுரபி என்பது என்ன என்று அதன்பின் அவர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இராது.